நியூக்ளியஸ் என்றால் பருப்பு

(நமது சங்கத்தின் மூத்தோர் மாதச் சந்திப்பில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டபடி காலாண்டு மலருக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



முதலில் ஒரு வாக்குமூலம். நான் பி.காம். படித்தவன். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, 36 வருடம் கவுன்ட்டரிலும் லெட்ஜரிலும் கழித்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்தோடு விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்டாயிற்று. நான் இந்தத் தலைப்பைக் கொடுத்ததும் செயலாளர், "சார், நீங்க எஃப்.டி. வட்டியைப் பத்திப் பேசுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். வட்டியைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி வரும், கவலை வேண்டாம்.

உள்ளே வரும்போது ஆளுக்கொரு பொட்டலம் வேர்க்கடலை கொடுத்தோம். தோலோடு வறுத்தது. தயவுசெய்து இப்போதே உடைத்துவிடாதீர்கள். அதுதான் இன்றைய பாடப்புத்தகம்.

இந்தச் சொல்லோடு எனக்கு எப்படிப் பழக்கம் ஏற்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஆடி மாதம் என் மனைவிக்கு இடுப்பில் வலி. எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் தெரியவில்லை. எலும்பு டாக்டர் 'போன் ஸ்கேன்' எழுதிக் கொடுத்தார். சொன்ன தேதிக்குப் போனோம். ஆஸ்பத்திரியின் தரைத்தளத்துக்கும் கீழே ஒரு நீளமான நடை. கடைசியில் ஒரு கதவு. கதவுக்கு மேலே 'நியூக்ளியர் மெடிசின்' என்று பலகை. பக்கத்தில் மஞ்சள் நிறத்தில், மூன்று இதழ் வைத்த அந்த எச்சரிக்கைச் சின்னம்.

என் மனைவி அப்படியே நின்றுவிட்டார். "ஏங்க, இது அணுகுண்டு சமாச்சாரம் இல்லையா? எனக்கு வேண்டாம். வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றார். ஹிரோஷிமா, செர்னோபில், புகுஷிமா என்று ஆயுசு முழுக்கப் பேப்பரில் படித்த தலைமுறை நாம். நான் தைரியம் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கவாவது வேண்டும். செய்யவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம். ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டோம். அதன் பிறகு இரண்டு மாதம் தைலம், வெந்நீர் ஒத்தடம், வலி மாத்திரை. அந்த இரண்டு மாதமும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறைக்கு நடந்தார்.

புரட்டாசி வாக்கில் பேத்தி காலாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. ஒரே அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடத்தில் அணுவின் நியூக்ளியஸ், இன்னொரு பாடத்தில் செல்லின் நியூக்ளியஸ். "ஏம்மா, ரெண்டும் ஒண்ணுதானா? அப்படின்னா நம்ம உடம்புக்குள்ளேயே அணு உலை இருக்கா?" என்று கேட்டேன். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "தாத்தா, நாற்காலிக்கும்தான் கால் இருக்கு. அதுக்கு மூட்டு வலி வருமா?" என்றாள்.

சுருக்கென்றது. வங்கியில் இதையே நான் எத்தனை வாடிக்கையாளர்களுக்கு விளக்கியிருக்கிறேன்! 'ரிட்டர்ன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். செக் ரிட்டர்ன் ஆனால் கெட்ட செய்தி. முதலீட்டில் நல்ல ரிட்டர்ன் வந்தால் சந்தோஷம். வருமான வரிக்கு ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும். "உங்க ரிட்டர்ன் வந்திருக்கு" என்று மட்டும் சொன்னால் வயதானவர்களுக்குக் கை நடுங்கும். "எந்த ரிட்டர்ன்?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆஸ்பத்திரி வாசலில் "எந்த நியூக்ளியஸ்?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்துதான் படிக்க ஆரம்பித்தேன்.

இப்போது கடலையைக் கையில் எடுங்கள். லத்தீன் மொழியில் கொட்டைக்கு 'நுக்ஸ்' என்று பெயர். அதிலிருந்து பிறந்தது நியூக்ளியஸ். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். நாம் முந்திரிப் பருப்பு, பாதாம் பருப்பு என்கிறோமே, அதே பருப்பு. ஓட்டை உடைத்தால் உள்ளே கிடைப்பது எதுவோ, அது நியூக்ளியஸ். அவ்வளவுதான் அதன் மூல அர்த்தம். இதில் குண்டும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

பிறகு விஞ்ஞானிகள் ஒவ்வொருவராக வந்து, தாங்கள் பார்த்த பொருளின் நடுவில் இருந்ததற்கு இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். நாம் அணு என்றுதான் முதலில் நினைப்போம். ஆனால் வரிசையில் வால்மீன் முந்திக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் வால்மீனின் தலைப்பகுதியை நியூக்ளியஸ் என்று எழுதியிருக்கிறார்கள். 1986ல் ஹாலி வால்மீன் வந்தபோது நம்மில் பலர் மொட்டை மாடியில் நின்று தேடியிருப்போம். அந்த மார்ச் மாதம் ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் ஜியோட்டோ விண்கலம் சுமார் 600 கிலோமீட்டர் தூரத்தில் அதைக் கடந்து போய்ப் படம் எடுத்தது. லட்சக்கணக்கான கிலோமீட்டருக்கு வாலை விரிக்கிற அந்த வால்மீனின் நியூக்ளியஸ், பனியும் தூசியும் கலந்த, கரி போல் கறுத்த ஒரு கட்டி. நீளம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செல். ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர், ஆர்க்கிட் செடியின் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு வட்டமான புள்ளி தென்பட்டது. அவருக்கு முன்பும் சிலர் அதைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். 1831ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் படித்த கட்டுரையில், செல்லின் நியூக்ளியஸ் என்று அழைக்கலாமோ என்று தயங்கித் தயங்கித்தான் பெயரை முன்மொழிந்தார். பெயர் நின்றுவிட்டது. தமிழ்ப் பாடநூல்கள் இதை 'உட்கரு' என்கின்றன.

அது என்ன செய்கிறது? வங்கிக்காரனாகச் சொல்கிறேன். அதுதான் ஸ்ட்ராங் ரூம். நம் உடம்பின் மூலப் பத்திரமான டி.என்.ஏ. அங்கே பத்திரமாக இருக்கிறது. ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அதை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத அறைக்குள் மடித்து வைத்திருக்கிறது. மூலப் பத்திரம் வெளியே வருவதில்லை. தேவையான பக்கத்துக்கு மட்டும் நகல் எடுத்து வெளியே அனுப்புகிறது. அந்த நகலைப் பார்த்துத்தான் செல்லின் மற்ற பகுதிகள் வேலை செய்கின்றன.

மூன்றாவதாக வந்ததுதான் அணு. 1909ல் மான்செஸ்டரில், ரூதர்ஃபோர்டு என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் கைகரும் மார்ஸ்டனும் ஒரு சோதனை செய்தார்கள். மார்ஸ்டன் அப்போது 20 வயது மாணவர். தங்கம் போன்ற உலோகங்களின் மெல்லிய தகட்டின் மீது ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினார்கள். கிட்டத்தட்ட எல்லாம் நேராக ஊடுருவிப் போயின. ஏறத்தாழ 8,000ல் ஒன்று மட்டும் வந்த வழியே திரும்பியது.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இடம் புரியும். நாள் முழுக்க லட்சக்கணக்கில் வரவு செலவு. சாயங்காலம் டேலி பார்க்கும்போது ஒரு ரூபாய் இடிக்கும். "ஒரு ரூபாய்தானே, விடு" என்று யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்த ஒரு ரூபாய்க்குப் பின்னால் பெரிய தப்பு ஒளிந்திருக்கலாம். ரூதர்ஃபோர்டும் அந்த எட்டாயிரத்தில் ஒன்றை விடவில்லை. 1911ல் விடை சொன்னார். அணுவின் எடை முழுவதும், கிட்டத்தட்ட 99.9 சதவீதத்துக்கும் மேல், நடுவில் மிகச் சிறிய ஒரு புள்ளியில் குவிந்திருக்கிறது. துகள் அதன் மேல் மோதப் போய்த்தான் திரும்புகிறது. சேப்பாக்கம் ஸ்டேடியம் அளவுக்கு அணு இருந்தால், அதன் நியூக்ளியஸ் மைதானத்தின் நடுவே கிடக்கும் ஒரு மிளகு. முதல் கட்டுரையில் அவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. அடுத்த ஆண்டுதான் நியூக்ளியஸ் என்று எழுதினார். ஆக, வால்மீனுக்கும் செல்லுக்கும் பிறகு மூன்றாவதாக வந்த வாரிசு, 1945க்குப் பிறகு மொத்தச் சொத்தையும் தன் பேருக்கு எழுதிக்கொண்டது. இன்று நியூக்ளியர் என்றாலே நமக்குக் குண்டுதான்.

இனி நம் வயதுக்காரர்களுக்கு மிகவும் வேண்டிய பகுதி. நம் வீட்டு ஃபைல்களில் இருக்கும் மெடிக்கல் ரிப்போர்ட்டுகள்.

கண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். கண் டாக்டர் உங்கள் அட்டையில் 'என்.எஸ்.' என்று எழுதி, பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருப்பார். நியூக்ளியர் ஸ்கிளீரோசிஸ். கண் லென்ஸின் நடுப்பகுதிக்கும் நியூக்ளியஸ் என்று பெயர். வயதாக ஆக அது கெட்டிப்பட்டு மஞ்சளாகிறது. அதுவே முற்றினால் கண்புரை. லென்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே மைசூர்ப் பருப்பு போன்ற பயறு என்றுதான் அர்த்தம். வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். ஆக, பருப்புக்குள் ஒரு பருப்பு. இந்த வகைப் புரையில் ஒரு வேடிக்கை உண்டு. சிலருக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க வரும். "பார்வை திரும்பிடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். லென்ஸ் கெட்டிப்படுவதால் கிட்டப்பார்வை உண்டாகி, பக்கத்தில் இருப்பது தெரிகிறது. தூரத்தில் வரும் பஸ் நம்பர் தெரியாது. அப்படி யாருக்காவது இருந்தால் கண் டாக்டரைப் பாருங்கள்.

அடுத்து முதுகு. நாற்காலியில் வாழ்ந்தவர்களின் சொத்து. இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டை டிஸ்க் என்கிறோம். அதைக் கொழுக்கட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே நார் வளையம், அது மாவு. உள்ளே கூழ் மாதிரி ஒரு பொருள், அதுதான் பூரணம். அந்தப் பூரணத்துக்கு 'நியூக்ளியஸ் பல்போசஸ்' என்று பெயர். சிறு வயதில் அதில் பெரும்பகுதி தண்ணீர். வயது ஏற ஏற வற்றும். ஒரு பக்கமாக அழுத்தம் கூடி நார் வளையம் விரிசல் விட்டால் பூரணம் பிதுங்கி நரம்பைத் தொடும். இதைத்தான் ஸ்லிப் டிஸ்க் என்கிறோம். உண்மையில் தட்டு எங்கேயும் வழுக்கிப் போவதில்லை.

மூளையில் இந்தப் பெயர் இன்னொரு விதமாக வருகிறது. ஒரே வேலையைச் செய்யும் நரம்பு செல்கள் கூட்டமாகச் சேர்ந்திருந்தால் அந்தக் கூட்டத்துக்கு நியூக்ளியஸ் என்று பெயர். கண் நரம்புகள் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்கு மேலே அப்படி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 20,000 செல்கள். நம் உடம்பின் கடிகாரம் அதுதான். நம்மை விடியற்காலை நாலு மணிக்கே எழுப்பிவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்குச் சீரியல் பார்க்கும்போது தலையாட்ட வைப்பதில் அதற்கும் பங்குண்டு. இங்கே கொஞ்சம் கணக்குப் பாருங்கள். அந்த ஒரு நியூக்ளியஸுக்குள் 20,000 செல்கள். ஒவ்வொரு செல்லிலும் ஒரு நியூக்ளியஸ். அந்த ஒவ்வொன்றுக்குள்ளும் எண்ணி மாளாத அணுக்கள், அணுவுக்கு ஒரு நியூக்ளியஸ். மூன்றும் வெவ்வேறு. பெயர் மட்டும் ஒன்று.

தமிழில் நாம் இந்தக் குழப்பத்திலிருந்து ஓரளவு தப்பித்தோம். அணுவில் இருந்தால் அணுக்கரு, செல்லில் இருந்தால் உட்கரு என்று நம் பாடநூல்கள் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து 'எதன் கரு' என்று சொல்லிவிடுகின்றன. ஆங்கிலப் பலகையில் அந்த முன்சொல் இல்லை.

இன்னும் இரண்டு மூன்று இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேகத்தில் நீராவி துளியாக மாறுவதற்கு உட்கார ஓர் இடம் வேண்டும். தூசி, புகை, கடல் உப்பு, ஏதாவது ஒரு துகள். அதற்கும் நியூக்ளியஸ் என்று பெயர். நமக்கு ஐப்பசியில் பெய்யும் மழைக்கு அந்த உப்புத் தூளும் ஒரு காரணம். மொழியியலில் ஓர் அசையின் நடுவே ஒலிக்கும் உயிரெழுத்துக்கு நியூக்ளியஸ் என்று பெயர். 'கல்' என்பதில் உள்ள அகரம் மாதிரி. நம் இலக்கணம் அதற்கு எப்போதோ 'உயிர்' என்று பேர் வைத்துவிட்டது.

பிறகு சமூகவியல். அப்பா, அம்மா, பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டை 'நியூக்ளியர் ஃபேமிலி' என்கிறார்கள். மர்டாக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1949ல் எழுதிய நூலுக்குப் பிறகு அது பரவலானது. நாம் தனிக்குடும்பம் என்கிறோம். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் மனம் கனத்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேரின் பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அவர்கள் பருப்பு. அப்படியென்றால் நாம் ஓடா? பேத்தியின் புத்தகத்திலேயே எனக்கு ஆறுதல் கிடைத்தது. மனித ரத்தத்தின் முதிர்ந்த சிவப்பணுவில் நியூக்ளியஸே கிடையாது. பிராணவாயுவைச் சுமக்க இடம் வேண்டும் என்று அதை வெளியே தள்ளிவிடுகிறது. அதற்குப் பிறகும் சுமார் 120 நாள் ஓடி ஓடி உழைக்கிறது. நாமும் அந்த ஜாதி என்று வைத்துக்கொள்வோம்.

சரி, ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்புகிறேன். அந்தப் பலகையில் இருந்தது எந்த நியூக்ளியஸ்?

அணுவின் நியூக்ளியஸ்தான். என் மனைவி சந்தேகப்பட்டது முழுத் தப்பு இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எலும்பில் போய்ச் சேரும் ஒரு மருந்தோடு டெக்னீஷியம்-99எம் என்ற பொருளைச் சேர்த்து ஊசி போடுகிறார்கள். எலும்பு எங்கே தன்னைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அங்கே அது அதிகமாகப் போய் ஒட்டும். அதன் அணுக்கரு வெளியிடும் காமா கதிரை ஒரு கேமரா படம் பிடிக்கும். எக்ஸ்ரேயில் தெரியாத விரிசல்கூட இதில் தெரிந்துவிடலாம். கதிர்வீச்சு உண்டு. ஆனால் அளவாக, தேவைக்கு.

இங்கேதான் நான் சொன்ன வட்டி. டெக்னீஷியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். ஆறு மணிக்கு ஒருமுறை இருப்பு பாதியாகும். கூட்டு வட்டிக்கு நேர் எதிர். காலையில் 100 இருந்தால், ஆறு மணி நேரத்தில் 50, பிறகு 25, பிறகு 12.5. மறுநாள் அதே நேரத்துக்கு 6.25தான். சிறுநீரில் வெளியேறுவதைச் சேர்த்தால் அதைவிடக் குறைவு. அதனால்தான் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். அன்று ஒரு நாள் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கி உட்காராமல் இருக்கச் சொல்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒரு கதை கேளுங்கள். நாம் பயப்படாமல் போய்ப் படுக்கும் எம்.ஆர்.ஐ. இருக்கிறதே, அதுவும் அணுக்கருவை வைத்துத்தான் வேலை செய்கிறது. நம் உடம்புத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தத்தாலும் ரேடியோ அலையாலும் அசைத்துப் பார்க்கிறது. அதன் அடிப்படைத் தத்துவத்தின் பெயரிலேயே முதலில் 'நியூக்ளியர்' இருந்தது. நோயாளிகள் மிரள்கிறார்கள் என்று 1980களில் ஆஸ்பத்திரிகளில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் எக்ஸ்ரே மாதிரியான கதிர்வீச்சு அதில் துளியும் இல்லை. பெயரில் ஒரு சொல்லை எடுத்ததும் பயம் போயிற்று. அதே சொல் இருந்த பலகையைப் பார்த்து நாங்கள் ஆட்டோ ஏறினோம்.

புரட்டாசி கடைசியில் மறுபடியும் போனோம். இந்தத் தடவை கேட்டோம். அங்கே இருந்த இளம் பெண் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். ஊசி போட்டு மூன்று மணி நேரம் காத்திருந்து படம் எடுத்தார்கள். இடுப்பெலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். எலும்புத் தேய்மானத்தால் வந்தது. ஓய்வு, மருந்து, கால்சியம், பிறகு மெதுவாக நடைப்பயிற்சி. இன்று அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, நான் எதையாவது கூட்டிச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். விரிசல் ஆறிவிட்டது. ஆனால் விரிந்த எலும்போடு அவர் நடந்த அந்த இரண்டு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு. அதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நின்றேன்.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். ரிப்போர்ட்டிலோ பலகையிலோ மிரட்டுகிற மாதிரி ஒரு சொல்லைப் பார்த்தால் வாசலிலிருந்து திரும்பாதீர்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். இது எதன் நடுவில் இருக்கும் நியூக்ளியஸ்? அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? எவ்வளவு, எத்தனை நேரத்துக்கு? கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் 36 வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், கேள்வி கேட்கிற வாடிக்கையாளர் மேல் யாருக்கும் உண்மையில் கோபம் வராது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். புரியாத ரிப்போர்ட் இருந்தால் கொண்டு வாருங்கள். நான் டாக்டர் இல்லை. வைத்தியம் சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.

இப்போது கடலையை உடைக்கலாம். தோலைத் தரையில் போடாமல் பொட்டலத்திலேயே போடுங்கள், நாளைக்குப் பெருக்குகிற அம்மாவுக்கு உதவியாக இருக்கும்.